ஆபீஸ் போகும் காரை டிராக்கில் இறக்குவதற்கு முன்

சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் டிராக் டேக்குப் பெயர் கொடுத்த கையோடு, எக்ஸாஸ்ட் மாற்றலாமா, இன்ஜின் கம்ப்யூட்டரை ரீமேப் பண்ணலாமா, ஏர் ஃபில்டர் போட்டால் எவ்வளவு பவர் கூடும் என்று விசாரிக்கக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். ஸ்விஃப்டோ, போலோவோ, ஐ20-யோ, கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினே முதல் வருஷத்துக்குத் தாராளம். டிராக்கில் அந்த வண்டிகளை மடக்குவது சூடு. பிரேக்கில், டயரில், இன்ஜின் ஆயிலில் ஏறுகிற சூடு. தயாரிப்பில் முக்கால்வாசி அதைச் சமாளிப்பதற்குத்தான். மிச்சக் கால்வாசி, வண்டிக்குள் உருண்டு விழக்கூடிய எதையும் விட்டுவைக்காமல் இருப்பது.

டிராக் டே என்பது போட்டி கிடையாது. ரேஸ் நடக்கிற அதே டிராக்கில், காசு கட்டி, சொந்தக் காரைப் பதினைந்து இருபது நிமிஷத் தவணைகளாக ஓட்டலாம். முந்துவதற்கென்று சில இடங்களை ஒதுக்கியிருப்பார்கள். முன்னால் போகிறவர் கையைக் காட்டிய பிறகுதான் முந்த வேண்டும். சென்னைப் பக்கம் என்றால் ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டை. 1990-ல் திறந்த டிராக், நீளம் 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று இப்போது பெயர் மாறியிருந்தாலும் எம்.எம்.ஆர்.டி. (மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக்) என்ற பழைய பெயர்தான் இன்னும் பலர் வாயில் வருகிறது. கோவைக்காரர்களுக்குச் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அது சின்னது, சுமார் 2.1 கிலோமீட்டர்.

ஆட்டோகிராஸ் வேறு ரகம். ஒரு பெரிய திறந்த தரையில் ஆரஞ்சு கோன்களை நட்டுப் பாதை போட்டிருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார், எதிரி கடிகாரம் மட்டும்தான். அமெரிக்காவில் எஸ்.சி.சி.ஏ. என்ற அமைப்பு இதை ‘சோலோ’ என்ற பெயரில் நடத்துகிறது. ஒரு கோனைத் தட்டினால் உங்கள் நேரத்தோடு 2 விநாடி கூடிவிடும். அவர்களுடைய தேசியப் போட்டி 2009 முதல் நெப்ராஸ்கா மாநிலம் லிங்கனில் உள்ள பழைய விமானப்படைத் தளத்தின் கான்கிரீட் மேல் நடந்து வந்திருக்கிறது. (நம் சோழவரம் ரேஸும் விமான ஓடுபாதையில்தான் வளர்ந்தது. வழவழப்பான நீளத் தரை கிடைத்தால் மனுஷனுக்குக் கால் சும்மா இருக்காது போலிருக்கிறது.) இந்தியாவில் ஆட்டோகிராஸ் என்று அறிவித்தால் பல நேரம் மண் தரையாக இருக்கும். அதற்கு இன்ஜின் அடியில் பாதுகாப்புத் தகடு, வேறு டயர் என்று தயாரிப்பே மாறிவிடும். இங்கே தார், கான்கிரீட் தரையைப் பற்றி மட்டும் பேசுவோம்.

சூட்டுக் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கோன் பாதையில் ஒரு ஓட்டம் ஒரு நிமிஷத்தை ஒட்டி முடிந்துவிடும், பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே. அப்புறம் அரை மணி நேரம் வரிசையில் நின்றால்தான் அடுத்த வாய்ப்பு. பிரேக் காய்வதற்குள் ஆறிவிடும். ஆகவே, ஒழுங்காகப் பராமரித்த எந்தச் சின்னக் காரையும் கொண்டுபோய் ஆட்டோகிராஸ் ஓட்டலாம். டயர் காற்றை மட்டும் சரிபார்த்தால் போதும். உயரமான எஸ்.யூ.வி. என்றால் கவிழும் என்று பல இடங்களில் அனுமதிக்க மாட்டார்கள். டிராக் டே அப்படி விடாது. பதினைந்து நிமிஷம் இடைவெளியே இல்லாமல் வறுத்தெடுக்கும்.

எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளோடு சேர்த்து 1,150 கிலோ எடையுள்ள கார், 140 கி.மீ. வேகத்தில் வந்து ஒரு வளைவுக்காக 60-க்கு இறங்குகிறது. அந்த மூன்று விநாடியில் வண்டி இழக்கும் ஆற்றல் சுமார் 7 லட்சம் ஜூல். இரண்டு லிட்டர் தண்ணீரைச் சாதாரண நிலையிலிருந்து கொதிக்க வைத்தாலும் மீதி இருக்கும். அதில் பெரும்பங்கு முன் சக்கரத்து இரண்டு டிஸ்க்குகளில்தான் போய் இறங்குகிறது. ஓ.எம்.ஆரில் 60-ல் வந்து சிக்னலில் நிற்கும்போது இது 1.6 லட்சம் ஜூல்தான். அதற்குப் பிறகு ஆறுவதற்கு நேரமும் கிடைக்கும். டிராக்கில் அடுத்த வளைவு சில விநாடிகளில் வந்து நிற்கும்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக இறங்கியவர்களுக்கு இந்த வாசனை தெரிந்திருக்கும். 36 கொண்டை ஊசி வளைவுகள்; கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் பாதியில் கருகல் நாற்றம் வரும், பிறகு பெடல் வேறு மாதிரி ஆகிவிடும். அந்த ‘வேறு மாதிரி’யில் இரண்டு வகை உண்டு. இதை மட்டும் நன்றாகப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

முதல் வகையில் பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கும், ஆனால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. இது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேடின் கோளாறு. பேடில் உள்ள பிசின் அளவு மீறிச் சூடானால் வாயுவாகக் கசிந்து, பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே வழுக்கலை உண்டாக்கும். இரண்டாவது வகையில் பெடல் பஞ்சு போல இறங்கித் தரையைத் தொடும். இது பிரேக் ஆயில் கொதித்ததால் வருவது. பேடின் சூடு, அதைத் தள்ளும் பிஸ்டன் வழியாக ஆயிலுக்குப் போகிறது, ஆயிலில் குமிழி உண்டாகிறது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். ஆக, உங்கள் கால் பலம் முழுக்கக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும்; பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிபருக்கு ஒன்றும் போய்ச் சேராது. அந்த நேரத்தில் பெடலை விட்டு விட்டு வேகமாகப் பம்ப் பண்ணினால் கொஞ்சம் அழுத்தம் திரும்பக் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளலாம். இரண்டில் மோசமானது இதுதான். காசு குறைவாகத் தீர்க்கக்கூடியதும் இதுதான்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ரிசர்வாயரை இறுக்கி மூடியிருந்தாலும் ரப்பர் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் ஏறத்தான் செய்யும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி, சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அது 155 டிகிரி என்று ஆகிவிடும். டாட் 3-க்கு இந்த எண்கள் 205, 140. டாட் 5.1-க்கு 260, 180. ரேஸுக்கென்றே விற்கும் ஆயில்களில் 300-ஐத் தாண்டுவதும் உண்டு, மோட்டுல் ஆர்.பி.எஃப். 600-க்குப் புதிதில் 312 டிகிரி. டாட் 5 என்று தனியாக ஒன்று விற்கும். அது சிலிக்கோன் வகை, மற்றவற்றோடு சேரவே சேராது, அந்த டப்பா பக்கமே போக வேண்டாம். மூன்று வருஷம் மாற்றாத ஆயிலோடு சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் ஓடிய வண்டி, டிராக்கில் எந்த எண்ணோடு இறங்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

ஆயில் மாற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில், ஒருவர் சக்கரத்தடியில். காலிபரின் பின்னால் ரப்பர் மூடி போட்ட சின்ன நிப்பிள் ஒன்று இருக்கும். அதில் உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையைப் புது ஆயில் கொஞ்சம் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கும்படி விட வேண்டும். மேலே இருப்பவர் பெடலை மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டு “பிடிச்சாச்சு” என்பார். கீழே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறப்பார். பெடல் இறங்கும், குழாயில் ஆயில் ஓடும். நிப்பிளை மூடிவிட்டு “விடு” என்ற பிறகுதான் பெடலிலிருந்து காலை எடுக்க வேண்டும். முன்னாலேயே எடுத்தால் காற்று உள்ளே போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பழைய ஆயில் கடுந்தேநீர் நிறத்தில் வந்துகொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் சட்டென்று வெளிர் தேன் நிறமாக மாறும். குமிழி நின்று, நிறமும் மாறிவிட்டால் அந்தச் சக்கரம் முடிந்தது. பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரம் முதலில் என்பது பொதுவான முறை. நம் வலது பக்க ஸ்டியரிங் வண்டிகளில் இடது பின், வலது பின், இடது முன், வலது முன் என்று வரும். சில மாடல்களுக்கு மாறும் என்பதால் மேனுவலைப் பாருங்கள். நடுவில் ரிசர்வாயர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்ட்டைத் தின்றுவிடும். மெக்கானிக்கிடம் விட்டாலும் பக்கத்தில் நின்று நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது நல்லது. ரிசர்வாயரில் இருப்பதை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதிதாக ஊற்றிக் கொடுத்தால், சூடேறும் காலிபரில் பழைய ஆயில்தான் இருக்கும்.

பேடில் பாதிக்கு மேல் தடிமன் இருக்கட்டும். முதல் டிராக் டேக்குக் கம்பெனி பேடே போதும், மூன்று சுற்று வேகமாக ஓட்டினால் ஒரு சுற்று நிதானமாகப் போய் ஆறவிட வேண்டும், அவ்வளவுதான். டிராக் பேட் என்று விலை கூடிய சாமான் இருக்கிறது. ஆனால் அது சூடானால்தான் பிடிக்கும். காலையில் பால் வாங்கப் போகிற வழியில் குறுக்கே ஆடு வந்தால் அதன் குளிர்ந்த பேட் கை கொடுக்காது. தினசரி ஓட்டும் வண்டிக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி. புதுப் பேட் மாட்டினால் டிராக்குக்கு வருவதற்கு முன்பே சாலையில் ஓட்டிப் படிய வைத்துவிடுங்கள்.

டயர் விஷயத்துக்கு வருவோம். நல்ல டயர் வாங்கு என்று எல்லோரும் சொல்வார்கள். முதல் சில தடவைக்கு வேண்டாம் என்பேன். சாதாரண டயர் பிடி விடுவதற்கு முன்னாலேயே கத்திச் சொல்லிவிடும், வழுக்குவதும் மெதுவாகத்தான் வழுக்கும். பிடி அதிகமான டயர் கடைசி வரை அமைதியாக இருந்துவிட்டுச் சட்டென்று கைவிடும். அப்போது நீங்கள் போகும் வேகமும் அதிகமாக இருக்கும். இருக்கிற டயரில் ரப்பர் நன்றாக இருக்க வேண்டும், வயதும் ஆகியிருக்கக் கூடாது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3521 என்றால் 2021-ஆம் வருஷம் 35-வது வாரம் செய்தது என்று பொருள். ஐந்தாறு வருஷம் தாண்டியிருந்தால், பட்டன் மீதியிருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். பக்கச் சுவரில் புடைப்பு இருந்தால் பேச்சே இல்லை, அந்த டயரோடு டிராக்கில் இறங்கக் கூடாது.

காற்றுதான் நுணுக்கமான வேலை. காலையில் 30 டிகிரியில் 32 பி.எஸ்.ஐ. வைத்த டயர், உள்ளே 70 டிகிரி ஆகும்போது 38-ஐத் தொடும். டயர் பலூன் மாதிரி உப்பி, நடுப்பட்டை மட்டும் தரையைத் தொட ஆரம்பிக்கும், வண்டி வழுக்கும். அதனால் ஒவ்வொரு தவணையும் முடிந்து உள்ளே வந்தவுடன், டயர் ஆறுவதற்குள் அளந்து, ஏறியதில் கொஞ்சத்தை இறக்க வேண்டும். எவ்வளவு இறக்கலாம் என்பதை டயரே காட்டும். ட்ரெட் முடிந்து பக்கச் சுவர் தொடங்கும் விளிம்பில், குறுக்காக நாலு இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு ஓட்டிவாருங்கள். பல டயர்களில் அந்த விளிம்பில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். சாக்பீஸ் அந்தக் குறி வரை அழிந்திருந்தால் சரியான அளவு. குறியைத் தாண்டிச் சுவர் வரை அழிந்திருந்தால் டயர் மடங்கிப் புரள்கிறது, காற்றைக் கூட்ட வேண்டும். குறிக்கு மேலேயே நின்றுவிட்டால் காற்று அதிகம். ஆட்டோகிராஸில் டயர் அவ்வளவு சூடேறாது என்பதால் கணக்கு தலைகீழ்: கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் அளவை விட முன் டயரில் இரண்டு, மூன்று பி.எஸ்.ஐ. கூட்டித் தொடங்கி, சாக்பீஸைப் பார்த்துத் திருத்திக்கொண்டே போகலாம். நூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும் நம்பகமான கேஜ் ஒன்று சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்குக்குப் பங்கு கேஜ் காட்டும் காற்று அளவு மாறும்.

முன் சக்கரம் இழுக்கும் நம் சின்னக் கார்களில், வெளிப்பக்க முன் டயரின் தோள்தான் முதலில் தேயும். கேம்பரை, அதாவது சக்கரத்தின் செங்குத்துச் சாய்வை, ஒன்றரை டிகிரி அளவுக்கு உள்பக்கம் சாய்த்தால் இது குறையும். முதல் தடவைக்கு அதெல்லாம் அவசியமில்லை. ஆனால் முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பது அவசியம். லேசாக ஆடினாலும் பேரிங்கோ பால் ஜாயின்ட்டோ போயிருக்கிறது என்று பொருள். நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர்களில் ஏறி இறங்கிய வண்டியில் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இன்ஜினுக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஆயில் புதிதாக, டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டை ஒட்டி இருக்கட்டும். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது, அளவு குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். கோட்டைத் தாண்டியும் ஊற்றக் கூடாது. கூலன்ட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஓடும் வண்டி என்றால் இப்போதே மாற்றிவிடுங்கள். ஏசி கூடாது. வெப்பமானி மேலே ஏறினால் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டு மெதுவாகச் சுற்றி உள்ளே வந்துவிடலாம். சட்டை நனையும், இன்ஜின் பிழைக்கும்.

அடுத்து, வண்டியைக் காலி செய்வது. தண்ணீர் பாட்டில் உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போய் மாட்டுவதைவிடப் பயங்கரம் வேறில்லை. டிரைவர் பக்கத்து மேட், டோர் பாக்கெட்டில் குடை, ஃபாஸ்டேக் ரசீது, குழந்தையின் பொம்மை, எல்லாம் வெளியே. டேஷ்போர்டில் இரட்டைப் பக்க டேப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையாரும் அன்று ஒரு நாள் பையில் இருக்கட்டும். வெயிலில் டேப் இளகியிருக்கும், பிரேக் அடித்தால் மடியில் வந்து விழுவார். ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாவற்றையும் இறக்கி, டிராக்கை ஒட்டி வண்டிகள் நிற்கும் பிட்டில் வையுங்கள். டூல் பையில் இருக்கும் டோ ஹூக்கை மட்டும் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். மண்ணில் புதைந்த வண்டியை இழுக்க வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான். பேட்டரி கிளாம்ப் ஆடுகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், டிராக்கில் இறக்குவதற்கு முன் வண்டியைச் சோதிப்பவர்கள் பார்ப்பார்கள்.

உட்காரும் முறைக்கும் இரண்டு நிமிஷம் செலவழிக்கலாம். தோள் சீட்டில் ஒட்டியிருக்க, நீட்டிய கையின் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிந்தால் சரியான தூரம். சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, பெல்ட் மாட்டி, சட்டென்று இழுத்துப் பூட்டவிட்டு, அப்படியே சீட்டை முன்னால் தள்ளினால் பெல்ட் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கூரை நசுங்காமல் தாங்கும் இரும்புக் கூடான ரோல் கேஜ் இல்லாத வண்டியில், இரு தோளையும் கட்டும் நாலு முனை ஹார்னஸ் பெல்ட் மட்டும் தனியாக மாட்டுவது ஆபத்து. கவிழ்ந்தால் உடல் சாய வழியில்லாமல், நசுங்கும் கூரையைத் தலை தாங்க வேண்டி வரும். ஹெல்மெட்டில் ஸ்னெல் என்ற சோதனை அமைப்பின் ‘எஸ்.ஏ.’ முத்திரை காருக்கானது, தீயைத் தாங்கும் சோதனையும் அதில் உண்டு; ‘எம்’ பைக்குக்கானது. நடத்துகிறவர்கள் எதை ஏற்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பருத்தி உடை, மெல்லிய அடி உள்ள மூடிய ஷூ. ஏ.பி.எஸ்., இ.எஸ்.பி. எதையும் அணைக்க வேண்டாம். இ.எஸ்.பி. அடிக்கடி தலையிட்டால் அது பிரேக்கைப் பிடித்துத்தான் வண்டியை நேராக்குகிறது, பிரேக் கூடுதலாகச் சூடாகும். அதை அணைப்பதைவிட, அது தலையிடாத அளவுக்கு ஓட்டக் கற்பது மேல்.

காகித வேலையில் ஒன்றே ஒன்று. நம் வாகன இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்ற பத்தியைப் படித்துப் பாருங்கள். ஒழுங்கமைக்கப்பட்ட ரேஸ், வேகச் சோதனை போன்றவற்றுக்குக் காப்பீடு கிடையாது என்று எழுதியிருக்கும். டிராக்கில் சுவரைத் தொட்டால் செலவு உங்களுடையது என்று எடுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். எக்ஸாஸ்ட் ஆசை இன்னும் விடவில்லை என்றால், தயாரிப்பாளர் வடிவமைத்ததை மாற்றக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வண்டிதானே திங்கட்கிழமை சாலையில் ஓடப்போகிறது.

டிராக்கில், கடைசிச் சுற்று ஆறவைப்பதற்கான சுற்று. பிரேக்கை முடிந்தவரை தொடாமல் போய் உள்ளே வர வேண்டும். வந்து நின்றதும் பழக்கதோஷத்தில் ஹேண்ட்பிரேக் இழுக்கக் கூடாது. காய்ந்த டிரம்மையோ டிஸ்க்கையோ அது ஒரே இடத்தில் கவ்விக்கொண்டு நிற்கும். முதல் கியரில் விட்டு, சக்கரத்தடியில் ஒரு கல்லை வைத்தால் போதும். டர்போ வண்டி என்றால் ஒரு நிமிஷம் ஐடிலில் ஓடவிட்டு அணையுங்கள்.

வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. பகலில் சூட்டில் அளந்து இறக்கிய டயர், ஆறிய பிறகு 28, 29-க்கு வந்திருக்கும். பெங்களூர் ஹைவேயில் ஏறுவதற்கு முன் பழையபடி ஏற்றிவிட வேண்டும். அப்புறம் வீல் நட். சூடேறி ஆறும்போது இறுக்கம் தளரலாம், டார்க் ரென்ச்சால் மேனுவல் சொன்ன அளவுக்குப் பாருங்கள். போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர். வண்டி நின்றிருக்கும்போதே பெடலையும் நாலு தடவை மிதித்துப் பாருங்கள். காலையில் இருந்ததைவிட ஆழமாக இறங்குகிறது என்றால் ஆயிலில் குமிழி இருக்கிறது. முன் சக்கரத்து இரண்டு காலிபரிலும் அரைக் கப் ஆயிலை அங்கேயே வெளியேற்றிவிட்டு, பெடல் கெட்டியான பிறகு ரோட்டில் ஏறுங்கள்.